குட்டி ராஜாஜிக்கு ஒரு ஜிப்பா



ஓசூர் வட்டாரத்தில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு வருடத்தில் நான்கைந்து தடவையாவது அந்தத் தகவல் வந்துவிடும். சுதந்திர தினம், கிருஷ்ண ஜெயந்தி, குழந்தைகள் தினம், பொங்கல் விழா, ஆண்டு விழா என்று ஏதோ ஒன்றை முன்னிட்டு மாறுவேடப் போட்டி. யு.கே.ஜி. பையன் பாரதியாராக வரவேண்டும். இரண்டாம் வகுப்புப் பெண் ஜான்சி ராணியாக வரவேண்டும். தகவல் வியாழக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் விழும். போட்டி சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. நடுவே இருப்பது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்கு அப்பாவுக்கு சிப்காட்டில் முதல் ஷிப்ட், அம்மாவுக்கு ஜெனரல் ஷிப்ட்.

அந்த ஒரு நாளுக்குள் வீட்டாருக்கு மூன்று வழிகள்தான் உண்டு. வாடகைக்கு உடை தரும் கடைக்குப் போகலாம். ஆன்லைனில் 'நாளைக்கே டெலிவரி' என்று போட்டிருப்பதை வாங்கலாம். இல்லாவிட்டால் பாகலூர் சாலையிலோ தளி சாலையிலோ தெரிந்த தையல்காரரிடம் ஓடலாம். முதல் இரண்டும் சுலபம், அதனாலேயே பெருகிவிட்டன. இன்றைய பேச்சு மூன்றாவது வழியைப் பற்றியது. குழந்தைக்கு மாறுவேட உடை தைப்பதற்கு வேண்டிய கைத்திறன் அத்தனையும் இந்த எல்லைப் பகுதியில் இருக்கிறது. ஆனால் அது மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கிறது. இதுதான் இங்கே சொல்ல வந்த செய்தி.

முதலில் இந்தத் தையலில் உள்ள சிக்கலைப் பார்ப்போம். நம்முடைய பாரம்பரிய உடையில் பெரும்பகுதி ஊசி படாதது. வேட்டி, சேலை, அங்கவஸ்திரம், முண்டாசு, பஞ்சகச்சம், மடிசார் எல்லாமே தறியிலிருந்து இறங்கிய துணியை அப்படியே சுற்றிக் கட்டுவதுதான். தைக்கத் தெரியாததால் வந்த வழக்கம் அல்ல அது. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரத்தில் துணி தைக்கும் துன்னகாரர்கள் இருக்கிறார்கள். சட்டை அணிந்த கஞ்சுக மாக்களும் அந்தக் காப்பியத்தில் வருகிறார்கள். தையல் இருந்தும் நம்மவர்கள் கட்டுவதையே விரும்பினார்கள். ஒரே துணி அண்ணனுக்கும் ஆகும், தம்பிக்கும் ஆகும். உடம்பு பெருத்தாலும் இளைத்தாலும் ஆகும். வெயிலுக்குக் காற்றோட்டமாகவும் இருக்கும்.

ஆனால் ஐந்து வயதுக் குழந்தையின் உடம்பில் கட்டிய துணி நிற்காது. அந்த வயதில் இடுப்பு என்று தனியாக ஒன்று கிடையாது. வயிறு முன்னால் தள்ளியிருக்கும். மார்புச் சுற்றளவுக்கும் இடுப்புச் சுற்றளவுக்கும் ஓர் அங்குலம்தான் வித்தியாசம். போதாததற்குக் குழந்தை ஓடும், குதிக்கும், தரையில் உட்காரும், கொசுவத்தைத் தானே மிதிக்கும். அதனால்தான் போட்டி நாள் காலையில் பள்ளி வராந்தாவில் அம்மாக்கள் வாயில் நாலு ஊக்கைக் கவ்விக்கொண்டு முழங்காலிட்டிருக்கிறார்கள்.

ஆக, குழந்தைக்கான பாரம்பரிய உடை என்பது கட்டியதுபோல் தோன்ற வேண்டும், ஆனால் தைத்ததாக இருக்க வேண்டும். பார்க்கிறவர் கண்ணுக்குக் கொசுவம், பிள்ளையின் இடுப்பில் எலாஸ்டிக்.

இந்தக் கணக்கை நம் மேடைக்காரர்கள் எப்போதோ போட்டு முடித்துவிட்டார்கள். 1935இல் ருக்மிணி தேவி அருண்டேல் சென்னை அடையாறில் முதன்முதலாக மேடையேறியபோது பரதத்தின் உடையும் மாறியது. அடுத்த ஆண்டு அவர் தொடங்கிய கலாக்ஷேத்திராவில் சேலையைத் துண்டுகளாக வெட்டி, கால்சட்டை மாதிரி ஒரு பகுதி, முன்னால் விரியும் விசிறி மடிப்பு, மேலே ஒரு தாவணித் துண்டு என்று தைத்துப் போடும் முறை மெருகேறியது. அரைமண்டியில் உட்கார்ந்தால் விசிறி விரியும், எழுந்தால் மூடிக்கொள்ளும். எங்கேயும் நழுவாது. இன்றைக்கு ஓசூரில் சலங்கை பூஜை செய்யும் எட்டு வயதுப் பெண்ணும் அந்த வழியில் வந்த உடையைத்தான் போட்டுக்கொள்கிறாள்.

கூத்துக்காரர்களின் வழி வேறு. கிருஷ்ணகிரி, தருமபுரிக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது துரியோதனன் வேடக்காரர் அடுக்கடுக்காகப் பாவாடை கட்டி இடுப்பைப் பருமனாக்கிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஆள் சின்னவராக இருந்தாலும் விளக்கு வெளிச்சத்தில் பெரிய ராஜாவாகத் தெரிவார். கிரீடமும் புஜக்கட்டையும் கனமில்லாத மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லு ஒட்டியவை. கர்நாடகக் கடற்கரைப் பக்கம் யக்ஷகானத்தில் பிள்ளைகளே ஆடும் குழுக்கள் உண்டு. சாலிகிராமம் மக்கள மேளா அப்படிப்பட்ட ஒன்று. அங்கே கிரீடம் பிள்ளையின் தலைக்கு ஏற்றதாகச் செய்யப்பட வேண்டும், பெரியவரின் கிரீடத்தைத் தூக்கி வைத்தால் கழுத்து தாங்காது. நம் தெற்கே குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவில் குழந்தைகளும் நேர்த்திக்கடனாக வேடம் போடுகிறார்கள். சில மணி நேரம் போட்டுக் கழற்றும் உடை இல்லை அது. அந்த வேடத்தோடு தெருத்தெருவாக நடக்க வேண்டும். இந்த உடைகள் ஒவ்வொன்றும் ஆடவோ நடக்கவோ தோதாக ஆனவை. பள்ளி மாறுவேடம் மட்டும்தான் புகைப்படத்துக்காகவே தைக்கப்படுகிறது.

அந்தப் புகைப்படம் எந்தப் படத்தைப் பார்த்து எடுக்கப்படுகிறது என்பதும் கவனிக்க வேண்டியதுதான். கிருஷ்ணன் என்றால் மஞ்சள் பட்டு, மயிற்பீலி. சரஸ்வதி என்றால் வெள்ளைச் சேலை. நடுவர்கள் மனதில் இருக்கும் இந்தச் சித்திரங்கள் பெரும்பாலும் காலண்டர் வழியாக வந்தவை. ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, கடவுளரின் வண்ணப்படங்களைச் சாமானியர் வீட்டுச் சுவருக்குக் கொண்டுவந்தார். பிறகு கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாடெங்கும் தொங்கின. கொண்டையராஜு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை தீட்டியவர். ஆகவே நாடக மேடையின் உடை காலண்டருக்குப் போனது. காலண்டரிலிருந்து அது பள்ளி மேடைக்குத் திரும்பி வந்திருக்கிறது. வள்ளுவர் வேடத்துக்கும் இதே கதைதான். கே.ஆர். வேணுகோபால் சர்மா தீட்டிய வெள்ளையுடை வள்ளுவர் 1964இல் சட்டமன்றத்தில் இடம்பெற்ற பிறகுதான் அந்த உருவம் ஊரெல்லாம் ஒன்றானது. 'இது சரியான பாரம்பரிய உடை இல்லையே' என்று நடுவர் ஐந்து வயதுப் பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்கும் முன் இந்தச் சித்திரங்களின் வயதை நினைத்துக்கொள்வது நல்லது.

இனி நம் ஊருக்கே வருவோம். இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் போட வேண்டிய வேடம் ஒன்று உண்டு. ஏனோ அதிகம் பேர் போடுவதில்லை. ராஜாஜி. 1878 டிசம்பர் 10ஆம் தேதி ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர். இந்தியரான ஒரே கவர்னர் ஜெனரல். அவர் பிறந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. கதர் வேட்டி, கதர் ஜிப்பா, மேலே அங்கவஸ்திரம், கறுப்புக் கண்ணாடி, கைத்தடி. அவ்வளவுதான் வேடம். கதருக்கும் அவருக்கும் இருந்த உறவும் சின்னது அல்ல. 1925இல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி நூற்பையும் நெசவையும் வளர்த்தவர் அவர்.

ஆறு வயதுப் பையனுக்கு இந்த ஜிப்பாவைத் தைப்பதை எடுத்துக்கொள்வோம். உயரம் ஏறக்குறைய 115 சென்டிமீட்டர். மார்பு 24 அங்குலம் என்றால் ஜிப்பாவின் சுற்று 30 இருக்க வேண்டும். அந்த ஆறு அங்குலத் தளர்வு இல்லாவிட்டால் அது ஜிப்பா ஆகாது, சட்டை ஆகிவிடும். முழங்காலுக்குச் சற்று மேல்வரை உயரம் 24, 25 அங்குலம். 44 அங்குல அகலத் துணியில் ஒன்றரை மீட்டர் தாராளம். இதுவரை எல்லாருக்கும் தெரியும். தவறுவது கழுத்தில். ஆறு வயதில் பிள்ளையின் கழுத்துச் சுற்றளவு 11 அங்குலத்துக்குள் அடங்கிவிடும். தலைச் சுற்றளவோ 20 அங்குலம். பெரியவர்கள் உயரத்தில் தலை ஏழரையில் ஒரு பங்கு. ஆறு வயதில் ஆறில் ஒரு பங்கு. ஆகவே பெரியவர் ஜிப்பாவை அப்படியே சிறிதாக்கி வெட்டினால் தலை நுழையாது. அதைப் போடும்போது பிள்ளை அழும். அழுதால் முகத்தில் பூசியது கரையும். முன்பட்டியை ஆறு அங்குலம் திறந்துவிட்டு, உள்ளே இரண்டு பிரஸ் பட்டனும் வெளியே பெயருக்கு மூன்று பட்டனும் வைத்தால் வேலை முடிந்தது.

வேட்டிக்கு நாலு முழம் தேவையில்லை. அப்பாவின் பழைய வேட்டியில் கரையோடு சேர்த்து இரண்டு மீட்டர் நீளம், 26 அங்குல அகலம் வெட்டி, இடுப்பில் எலாஸ்டிக் உறை தைத்து, முன்னால் ஐந்தாறு மடிப்பை அயர்ன் போட்டு மேலே இரண்டு அங்குலம் மட்டும் தைத்துவிட வேண்டும். கீழ்வரை தைத்தால் அது குழாய் மாதிரி நிற்கும். பக்கவாட்டை முழுக்க மூடாமல் உள்ளே ஒரு சின்ன அரைக்கால் பைஜாமாவோடு இணைத்தால் பையன் தரையில் உட்காரலாம், ஓடலாம். அங்கவஸ்திரத்தின் ஒரு முனையைத் தோளில் ஜிப்பாவோடு நாலு தையல் பிடித்துவிட்டால், மேடையேறும்போது அதைத் தேடிப் பின்னால் ஓட வேண்டியிருக்காது.

காந்தி வேடத்துக்கு இதைவிடத் துணி குறைவு. அந்த உடை பிறந்ததே தமிழ்நாட்டில்தான். 1921 செப்டம்பர் 22ஆம் தேதி மதுரையில்தான் காந்தி சட்டையையும் தலைக்குல்லாவையும் விட்டு அரையாடைக்கு மாறினார். ஆனால் அரையாடைதான் தைப்பதற்குக் கடினம். வெற்று மார்போடு நிற்கும் பிள்ளைக்கு இடுப்புத் துணி நழுவினால் போட்டியே முடிந்தது. பஞ்சகச்சத்தைத் தைக்கும் முறைதான் இதற்கும் கைகொடுக்கும். முழங்கால் நீள பைஜாமா ஒன்று. முன்னால் தொங்கும் மடிப்பு தனித் துண்டு. பின்னால் சொருகிய கச்சம் என்று தோன்றுவது இன்னொரு பட்டை. மூன்றும் ஒரே எலாஸ்டிக்கில் சேரும். பாத்ரூம் போக வேண்டுமென்றால் பிள்ளை தானே இறக்கித் தானே ஏற்றிக்கொள்ளும். காந்தி தையல் மிஷினுக்கு எதிரியும் இல்லை. இயந்திரங்களைப் பற்றி 1924இல் நடந்த உரையாடல் ஒன்றில், சிங்கர் மிஷினைத் தனி விலக்காக வைத்துப் பாராட்டியவர் அவர்.

பெண் பிள்ளைகளின் உடைக்கு வந்தால் பட்டுப் பாவாடை. பட்டுக்கும் இந்த மண்ணுக்கும் நெருங்கிய சம்பந்தம். ஓசூர், தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், சூளகிரிப் பக்கம் மல்பெரித் தோட்டம் இல்லாத சாலை இல்லை. மத்தியப் பட்டு வாரியத்தின் பட்டுப்புழு மரபுவள மையம் ஓசூரில் இருக்கிறது. நல்ல வெண்பட்டுக் கூடு ஒன்றிலிருந்து ஆயிரம் மீட்டர் வரைகூட இழை இழுக்கலாம். அப்படி வந்த துணியை ஒரு சனிக்கிழமைக்காக வெட்டிவிட்டுப் பிறகு பீரோவில் பூட்டுவதற்கு யாருக்கும் மனம் வராது. நம் பாட்டிமார்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அதன் பெயர் டக்.

ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை பிள்ளை வருடத்துக்குச் சுமார் ஆறு சென்டிமீட்டர் வளர்கிறது. பாவாடைக்கு அது ஒன்றரை அங்குலம். பாவாடையின் அடியில் கரைக்கு மேலே முக்கால் அங்குல மடிப்பு ஒன்று பிடித்தால் ஒன்றரை அங்குலத் துணி உள்ளே ஒளிந்துகொள்ளும். மூன்று டக் என்றால் மூன்று வருடம். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒன்றைப் பிரித்துவிட்டால் போதும். அம்மாவின் பழைய பட்டுச் சேலையில் இதைச் செய்தால் கணக்கு இன்னும் சுகமாக வரும். சேலையின் அகலம் 45 அங்குலம். ஐந்து வயதுக்கு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 24, அடி மடிப்பு 2, டக் மூன்றுக்கு நாலரை, இடுப்புப் பட்டிக்கு ஒன்று, ஆக முப்பத்தொன்றரை. மீதி பதின்மூன்றரை அங்குலத்தில் எதிர்க்கரையோடு சட்டை வந்துவிடும். சட்டையின் பக்கவாட்டில் உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொல்ல வேண்டும். பட்டுக்கு 11ஆம் நம்பர் ஊசி. பருத்திக்குப் போடும் 14ஆம் நம்பரை அப்படியே விட்டுவிட்டு ஓட்டினால் இழை இழுத்துக்கொள்ளும். உள்ளே கட்டாயம் மல் துணி லைனிங். ஜரிகையின் முனை குழந்தையின் அக்குளில் உராய்ந்தால் அது மேடையில் வசனம் பேசாது, சொறிந்துகொண்டுதான் நிற்கும்.

இனி எல்லைக்கு உரிய வேடங்கள். தையல்கடை வாசலில் இந்தப் பேச்சை யாரும் கேட்டிருக்கலாம்.

"அண்ணா, பாப்பாவுக்கு ராணி வேஷம். நாளைக்குச் சாயங்காலமே வேணும்ண்ணா."

"எந்த ராணிம்மா? ஜான்சியா, கித்தூரா, வேலு நாச்சியாரா? கச்சம் வெச்சுத் தைக்கணுமா, சாதாக் கொசுவமா?"

தையல்காரர் கேட்பது சரியான கேள்வி. ஜூஜுவாடி தாண்டிக் கர்நாடகத்து அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் பள்ளிகளில் கித்தூர் ராணி சென்னம்மா வருவார். 1824இல் கிழக்கிந்தியக் கும்பினிக்கு எதிராக எழுந்தவர். சிலைகளில் அவருக்குக் கச்சம் வைத்துக் கட்டிய சேலை, குதிரை, வாள். சித்ரதுர்கா கோட்டையில் ஹைதர் அலியின் படையை உலக்கையால் எதிர்த்த ஒனக்கே ஓபவ்வாவும் வருவார். அவர் கையில் இருப்பது உலக்கை. ஸ்பாஞ்சைச் சுருட்டிப் பழுப்புத் துணி போர்த்தினால் பக்கத்துப் பிள்ளையின் மண்டை தப்பும். இந்தப் பக்கம் வேலு நாச்சியார். அவருக்கு உதவியவரோ அதே ஹைதர் அலி. அந்தத் துணையோடுதான் 1780இல் சிவகங்கையை மீட்டார். கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் 1792 வரையும் ஓசூர் 1799 வரையும் மைசூரின் கையில் இருந்தன. ஒரே ஆளை ஒரு வீராங்கனை எதிர்க்கிறார், ஒரு ராணி நம்புகிறார். இந்த மூன்று வேடமும் ஒரே மேடையில் ஏறக்கூடிய ஊர் இது. கர்நாடக மாநில நாளான நவம்பர் முதல் தேதி அத்திப்பள்ளியில் சிவப்பு மஞ்சள் கொடி. ஜூலை 18 இங்கே தமிழ்நாடு நாள். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ், கடையில் உருது என்று வளரும் பிள்ளைக்கு இரண்டு பக்கத்து ராணியும் தன் ராணிதான்.

தைப்பவருக்கு இவர்களில் யார் என்பது முக்கியம். கச்சம் என்றால் பழைய சேலையில் பாதியைக் கால்சட்டை போல வெட்டி, முன்கொசுவத்தைத் தொங்கவிட்டு, பின்கச்சத்தை இடுப்பில் பிடிக்க வேண்டும். சாதாக் கொசுவம் என்றால் பாவாடை மேல் கொசுவத்தைத் தைத்து, முந்தானையைத் தோளில் பிரஸ் பட்டனால் மாட்டினால் முடிந்தது. வாளுக்கு இடைவார் இரண்டுக்கும் வேண்டும். அதற்குள் கேன்வாஸ் கொடுத்தால் சுருளாது. மைசூர்ப் பேட்டா என்ற தலைப்பாகை வேண்டுமென்றால் பிள்ளையின் தலையை அளந்து, அட்டை வளையம் ஒன்றின் மேல் ஜரிகைத் துணியைச் சுற்றி ஊசியால் பிடிக்கலாம். அது தொப்பி போலக் கழன்று வரும்.

இப்போது, கைத்திறன் சிதறிக் கிடப்பதாகத் தொடக்கத்தில் சொன்ன அந்த மூன்று இடங்கள். கட்டும் முறை தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். கச்சம் எந்தப் பக்கம் சொருகுவது என்று பாட்டியைக் கேட்டால் கையால் செய்தே காட்டுவார். வெட்டத் தெரிந்தவர் தெருமுனைத் தையல்காரர். அவர் ஆளைப் பார்த்தே அளவு சொல்வார். மூன்றாவதாக, தைக்கும் கை. அது இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறது. பெங்களூரின் பொம்மனஹள்ளியிலிருந்து ஓசூர் வரை சாலை நெடுகிலும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள். 2016 ஏப்ரலில் வருங்கால வைப்பு நிதி விதி மாற்றத்தை எதிர்த்துச் சாலைக்கு வந்து மத்திய அரசைப் பின்வாங்க வைத்தவர்கள் பெங்களூரின் ஆடைத் தொழிலாளர்கள்; அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இந்தப் பெண்களின் திறமையில் ஒரு விசித்திரம் உண்டு. லைனில் ஒருவர் காலர் மட்டும் தைப்பார். இன்னொருவர் பாக்கெட் மட்டும். மூன்றாமவர் கை ஏற்றுவது மட்டும். மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட். பல வருடம் தைத்தவரிடம் முழு ஜிப்பா ஒன்றை வெட்டித் தரச் சொன்னால் தயங்குவார்; வெட்டுவது வேறு செக்‌ஷன். ஆனால் வெட்டிய துண்டுகளைக் கொடுத்தால் கோடு பிசகாமல் இணைத்துக் கொடுப்பார். தெருத் தையல்காரரிடம் இருப்பது இவரிடம் இல்லை. இவரிடம் இருப்பது அவரிடம் இல்லை.

அதைவிடப் பெரியது ஒன்றை இவர்கள் வைத்திருக்கிறார்கள். குழந்தை உடையின் பாதுகாப்பு இவர்களுக்கு அத்துப்படி. ஏற்றுமதிக்கான குழந்தை உடை தைக்கும் லைனில் ஊசி உடைந்தால் வேலை நின்றுவிடும். உடைந்த துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து, முழு ஊசி ஆகிறதா என்று பொருத்திப் பார்த்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் அங்கே இருக்கும் பீஸ்களை எல்லாம் தேட வேண்டும். தைத்து முடிந்த உடை உலோகம் கண்டறியும் இயந்திரத்தின் வழியாகப் போகும். ஐரோப்பாவுக்கான இ.என். 14682 என்ற தரவிதியின்படி ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடையில் கழுத்துப் பக்கம் இழுகயிறு இருக்கவே கூடாது. எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கும். ஜெர்மனிக் குழந்தையின் சட்டைக்கு இத்தனை கவனம் எடுக்கும் அதே கை, சொந்தப் பிள்ளை கிருஷ்ணனாகும்போது கழுத்தில் நாடாவால் கட்டிய மேலங்கியையும் ஆறு ஊக்கையும் மாட்டிப் பள்ளிக்கு அனுப்புகிறது. வாடகை உடையில் வேறு வழி இல்லை. யாருக்கோ தைத்ததை யாருக்கோ பொருத்த ஊக்குதான் வேண்டும்.

தைப்பதானால் இதையெல்லாம் தவிர்க்கலாம். கழுத்து நாடாவுக்குப் பதில் தோளில் வெல்க்ரோ: இழுத்தால் தானாகவே பிரிந்துவிடும். சம்கியை வரிசையாகத் தைத்த ரெடிமேட் லேஸ். தனித்தனிச் சம்கி உதிர்ந்து வாய்க்குப் போகும். விழா மேடையில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருக்கும் என்பதால் அகன்று பரவும் நெட் துணியும் பாலியஸ்டரும் வேண்டாம். பாலியஸ்டர் எரியும்போது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி அப்படி ஒட்டாது.

துணிக்கும் தூரம் போகத் தேவையில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து வாணியம்பாடி போகும் வழியில் பர்கூர் இருக்கிறது. ஜவுளிக்கடைகளாலேயே பெயர் வாங்கிய ஊர். ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் ஆள் வருவார்கள். கிரீடம், அட்டிகை, ஒட்டியாணம் போன்ற நாடகச் சாமான்களுக்கு பெங்களூர் பளேபேட்டை. பீஸ் துணி, நாடா, எலாஸ்டிக், ஹூக் எல்லாம் எந்த ஊர்க் கடைத்தெருவிலும் உண்டு. தையல் மிஷினும் வீடுகளுக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்டது. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசு ஏழைப் பெண்களுக்கு மிஷின் கொடுக்கிறது. சத்துணவு சாப்பிடும் மாணவர்களுக்கான விலையில்லாச் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்துப் பெண்கள்தான் தைக்கிறார்கள். குழந்தைகளின் அளவு அவர்களுக்குப் புதிது அல்ல.

கடைசியாக, எதைத் தைக்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 'குறத்தி' வேடம் இன்னும் சில பள்ளிகளில் வருகிறது. பாசிமணி, கிழிந்த பாவாடை, கையில் ஊசிமணிக் கூடை. பிள்ளை வந்து கையேந்தி நிற்கும், கூட்டம் சிரிக்கும். 2023இல் தமிழ்நாடு அரசு குறவன் குறத்தி ஆட்டத்தை நாட்டுப்புறக் கலைகளின் பட்டியலிலிருந்தே நீக்கித் தடை செய்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தினர் பழங்குடியினர் பட்டியலுக்கு வந்தார்கள். அந்தப் பிள்ளைகளும் இன்று வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். லம்பாடிப் பாவாடைக்கும் இது பொருந்தும். கண்ணாடியும் சோழியும் வைத்து ஊசியால் நிரப்பிய அந்த வேலைப்பாடு இந்தியாவின் தேர்ந்த கைத்தையல்களில் ஒன்று. கர்நாடகத்துச் சண்டூர் லம்பாணி எம்பிராய்டரி புவிசார் குறியீடு பெற்றது. அதை ஒரு பிள்ளை பெருமையாகப் போட்டுக்கொண்டு அந்தத் தையலைப் பற்றி நாலு வரி பேசினால் அது பாரம்பரிய உடை. அதையே போட்டுக்கொண்டு பிச்சை கேட்டால் அது அவமானம்.

இந்த அவையில் பள்ளி நடத்துகிறவர்களும் ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் வைக்க மூன்று வேண்டுகோள் உண்டு. ஆகஸ்ட் 15ஆம் தேதிப் போட்டிக்கான தகவலை ஜூலை முதல் வாரத்தில் அனுப்புங்கள். வாடகைக்கடைக்குப் போகாமல் தையல்காரரிடம் வேலை போவதற்கு அந்த ஒரு மாதம் போதும். போட்டி விதியில் 'வீட்டுப் பழந்துணியில் தைத்த உடைக்கு முன்னுரிமை' என்று ஒரு வரி சேருங்கள். சேலை வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளையும் மேடையேறும். மூன்றாவது, தரையில் சம்மணமிட்டு உட்காரவும் தானே கழிப்பறைக்குப் போய்வரவும் முடியாத உடையில் எந்தப் பிள்ளையையும் மேடைக்கு அழைக்காதீர்கள். பெற்றோருக்கு ஒன்றே ஒன்று: அடுத்த முறை சட்டை தைக்கக் கொடுக்கும்போது, உள்ளே ஓர் அங்குலம் துணி விடச் சொல்லுங்கள்.